ஆள் மாறுகிறார், ஆட்சி மாறுகிறதா?

வடமாகாணத்துக்குப் புதிய ஆளுநர் ஒருவர் நியமனம் பெறும்போதெல்லாம் நம்மிடையே ஒரு சடங்கு தவறாது நடைபெறுகின்றது. நிறைகுடம் வைக்கப்படுகிறது, மாலை சூட்டப்படுகிறது, யாழ்ப்பாணம் பழைய பூங்காவிலுள்ள ஆளுநர் செயலகத்துக்குச் சங்கங்களும் சமாசங்களும் மகஜர்களைக் கட்டுக்கட்டாக எடுத்துச் செல்கின்றன. வந்தவர் நல்லவர், வல்லவர், நம் குறைகளை அறிந்தவர் என்று மேடைகளிலே பேசுகிறோம். ஓராண்டு கழிகிறது. பேச்சு முணுமுணுப்பாகிறது. கொழும்பிலே ஆட்சி மாறுகிறது. அத்துடன் ஆளுநரும் மாறுகிறார். மறுபடியும் நிறைகுடம், மறுபடியும் மகஜர்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 2015 சனவரி தொடக்கம் 2024 செப்டெம்பர் வரையான பத்தாண்டுக்கும் குறைந்த காலத்திலே இம்மாகாணம் ஏழு ஆளுநர் நியமனங்களைக் கண்டது. ஆளுநரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்த ஏழில் முதல் ஆறும் ஐந்தாண்டை எட்டவில்லை. 2023 மே மாதத்தில் வடக்கு, கிழக்கு, வடமேல் ஆகிய மூன்று மாகாணங்களின் ஆளுநர்களும் சனாதிபதியால் ஒருமிக்க நீக்கப்பட்டனர். ஏன் என்று கேட்கும் உரிமை அம்மாகாணங்களின் மக்களுக்கு இருக்கவில்லை. நியமித்தவர் நீக்கினார், அவ்வளவே. ஆனால் வடமாகாண சபைக்கென இம்மக்கள் வாக்குச்சாவடிக்குச் சென்றது எத்தனை தரம்? ஒரே ஒரு தரம். அது 2013 செப்டெம்பர் 21ஆம் நாள்.

ஏழு தரம் ஆளுநரை மாற்றினோம் என்று சொல்வதற்கில்லை. ஏழு தரமும் மாற்றியவர் கொழும்பில் இருப்பவர். நாம் செய்தது மாலை கட்டியதுதான்.

இதை எழுதத் தூண்டியவர் வன்னிக் கமக்காரர் ஒருவர். அவருடைய ஊரிலே குளத்துக் கீழ் வாய்க்கால் ஒன்று உடைந்து, கடைக்கோடி வயல்களுக்குத் தண்ணீர் எட்டாதிருந்தது. கமக்கார அமைப்பின் வேண்டுகோளை எழுதிக் கொடுத்தவன் நான். ஆளுநர் ஒருவரின் கைக்கு அது போயிற்று. அவர் அதிகாரிகளை அனுப்பினார். அடுத்த காலபோகத்துக்கு முன்னரே வாய்க்கால் திருத்தப்பட்டது. செய்தவரைப் பாராட்டாதிருப்பது நன்றியன்று. நன்றி சொல்ல வந்த பெரியவர் போகும்போது என்னை ஒரு கேள்வி கேட்டார்: "அப்புக்காத்துத் தம்பி, மெம்பர்மாருக்குப் பின்னாலை மூண்டு வருசம் திரிஞ்சம், ஒண்டும் நடக்கேல்லை. ஆளுநருக்கு ஒரு கடிதம் குடுத்தம், வாய்க்கால் கட்டியாச்சு. பிறகென்னத்துக்கு எலெக்சன்?"

சிரித்துத் தட்டிவிடக்கூடிய கேள்வியன்று. படித்தவர்களும் வேறு சொற்களில் இதையே கேட்கிறார்கள். வைத்தியரும் பொறியியலாளரும் கூடும் இடங்களில், "சபை வேண்டாம், திறமையான நிர்வாகி ஒருவர் போதும்" என்ற பேச்சு இன்று துணிவோடு பேசப்படுகின்றது. இதற்கு விடை சொல்லாமல் தேர்தல் தேர்தல் என்று நாம் கூக்குரலிட்டால் மக்கள் ஏன் செவிசாய்க்க வேண்டும்?

முதலில் ஆளுநர் என்பவர் யார் என்பதைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்குவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அவரைச் சனாதிபதியின் விருப்புள்ளவரை பதவி வகிப்பவராக ஆக்கியது. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் 154இ உறுப்புரையின்படி அவர் கையில் இருக்கிறது. முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும் அவருக்கு "உதவியும் ஆலோசனையும்" வழங்குவோர். எது தம் தற்றுணிபுக்குரியது என்ற வினா எழுமிடத்து அதற்கு விடை கூறுபவரும் அவரே. அவ்விடையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது. அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. மாகாணப் பகிரங்க சேவையின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்று யாவும் 32ஆம் பிரிவினால் ஆளுநருக்குரியன. வரி விதிப்பது, கடன் பெறுவது போன்ற நிதி விடயங்களில் ஆளுநரின் விதப்புரையின்றிச் சபையிலே ஒரு நியதிச்சட்டத்தை முன்வைக்கவும் இயலாது.

சுருங்கச் சொல்வதானால், ஓர் எழுதுவினைஞரை இடம் மாற்றவும், ஒரு சதம் வரி விதிக்கவும் மக்கள் தெரிந்தெடுத்த முதலமைச்சர், மக்கள் தெரிந்தெடுக்காத ஒருவரின் வாயிலிலே நிற்க வேண்டும்.

இது ஏட்டளவிலான அச்சம் என்று எவரும் எண்ணற்க. 2013இலே 38 ஆசனங்களில் 30ஐக் கைப்பற்றித் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆட்சியமைத்தது. அந்நாளில் ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜீ. ஏ. சந்திரசிறி. குடிசார்ந்த ஒருவரை நியமியுங்கள் என்று கேட்டோம். 2014இலே அவருடைய காலம் முடிந்தபோது மீண்டும் அவரே நியமிக்கப்பட்டார். புலம்பெயர்ந்த நம் உறவினரின் உதவியைச் சட்டப்படி பெற முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க விரும்பினோம். அதற்கான நியதிச்சட்டம் அங்கீகாரம் பெறவில்லை. சரி, படையாள் இருந்தமையால் வந்த வினை என்றோம். 2015இலே இராசதந்திரி ஒருவர், திரு. பளிகக்கார, வந்தார். 2016இலே மேல் மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர், திரு. றெஜினோல்ட் கூரே, வந்தார்; தாமே முதலமைச்சராயிருந்து ஆளுநரின் கீழ் அல்லற்பட்டவர் அல்லவா, நம் நிலை அறிவார் என்று நம்பினோம். இருவரும் பண்புடையோரே. ஆயினும் 2018 ஒக்டோபரிலே சபையின் ஆயுள் முடியும்வரை அந்நிதியம் அமையவில்லை. ஆள் மாறினார்; சட்டத்தின் வாசகத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை.

அதன்பின் நம் மனக்குறையை இன்னொரு விதமாகத் தீர்க்க முயன்றது கொழும்பு. 2019 சனவரியில் கலாநிதி சுரேன் இராகவன் நியமிக்கப்பட்டார். வடமாகாணத்தின் முதல் தமிழ் ஆளுநர் அவர். அவருக்குப் பின் வந்தோரும் தமிழரே: நிர்வாக சேவையில் நெடுங்காலம் பணியாற்றிய திருமதி பி. எஸ். எம். சாள்ஸ் இருமுறை, திரு. ஜீவன் தியாகராஜா ஒருமுறை. 2024 செப்டெம்பரிலே யாழ்ப்பாணத்தின் முன்னாள் அரசாங்க அதிபர் திரு. நா. வேதநாயகன். நம் மொழியில் மகஜர் கொடுக்கலாம். நம் மொழியில் பதிலும் கிடைக்கும். இது சிறிய காரியமன்று. மொழிக்காகப் பட்ட பாட்டை அறிந்த எவரும் இதை இகழார். ஆனால் இதே காலத்திலேதான் சபை இல்லாமற் போயிற்று என்பதைக் கவனித்தோமா? சபை இருந்தபோது ஆளுநர் தமிழரல்லாதார்; சபை போனபின் ஆளுநர் தமிழர். கதிரையைக் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்துக்கொண்ட கதையாயிற்று.

ஆளுநரொருவர் மக்களின் குரலாக முடியாது என்பதை இந்நாட்டின் உயர் நீதிமன்றமே ஒருமுறை சொல்லியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் திவிநெகும சட்டமூலம் மாகாணங்களுக்குரிய விடயங்களைத் தொட்டது. மாகாண சபைகளின் கருத்தை அறிய வேண்டுமென்று நீதிமன்றம் பணித்தது. மற்றை எட்டு மாகாணங்களிலும் சபைகள் இருந்தன, வடக்கிலே இல்லை. வடக்குக்காக ஆளுநர் தம் இணக்கத்தை எழுதி அனுப்பினார். அது சபையின் கருத்தாகாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் பின் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை வந்ததும், 2013 சனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டதும் நாடறிந்தவை. அதே மாதத்திலே அச்சட்டமூலம் நாடாளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. வடமாகாணத்துக்கு வாய் இல்லாதிருந்தமையால் எழுந்த வழக்கு அது. 2018 தொடக்கம் அதே வாயில்லா நிலைக்கு மீண்டும் வந்திருக்கிறோம்; இம்முறை ஒன்பது மாகாணங்களும் ஒன்றாக வந்திருக்கின்றன என்பதே வேறுபாடு. சிங்களக் கிராமத்தவனும் தன் சபையை இழந்தான். ஆனால் அவனுக்குக் கொழும்பிலே அமைச்சரவை இருக்கிறது. நமக்கு?

நம் ஆளுநர் பதவி இந்தியாவின் ஆளுநர் பதவியைப் பார்த்து எழுதப்பட்டது. அங்கும் அது தொல்லையற்றதாக இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய பத்து மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்த வழக்கிலே, அவை அங்கீகாரம் பெற்றனவாகக் கொள்ளப்படும் என 2025 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டு நவம்பரில், அவ்வாறு கொள்ளவோ நாட்கணக்கு விதிக்கவோ நீதிமன்றத்துக்கு இயலாது, எனினும் ஆளுநர் முடிவின்றி வைத்திருக்கவும் இயலாது என அதே மன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு கருத்துரைத்தது. வழக்காட அங்கே ஒரு சட்டமன்றம் இருந்தது. ஓர் அரசு இருந்தது. அறிஞர் அண்ணா ஆளுநர் பதவியை ஆட்டின் தாடிக்கு ஒப்பிட்டதை நம் வாசகர்கள் அறிவர். இங்கே நம் நிலை அதனினும் விந்தையானது. ஆட்டைக் காணோம், தாடி மட்டும் நடமாடுகிறது.

இனிக் கமக்காரப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஆளுநர் செயலகம் நிற்கும் பழைய பூங்கா, ஒரு காலத்தில் டைக் துரையின் இருப்பிடம். 1829இலிருந்து 1867 வரை யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராயிருந்தவர் அவர். அவருக்குப் பின் 1869 முதல் 1896 வரை துவைனம் துரை. இருவரும் நீதியாகவும் கண்டிப்பாகவும் நடந்தனர் என்று நம் பாட்டன்மார் போற்றினர். வீதி போட்டார்கள், குளம் பார்த்தார்கள், குறை கேட்டார்கள். அதனாலே நாம் அந்நிய ஆட்சி போதும் என்று இருந்துவிட்டோமா? டைக் துரையின் காலத்தில் மனுக் கொடுத்தவன் குடி. உரிமை கேட்கத் தொடங்கியபோதே அவன் குடிமகனானான். இன்று பழைய பூங்காவின் வாயிலிலே மகஜரோடு நிற்கும் நாம் எவ்விடத்தில் நிற்கிறோம்? நூற்றைம்பது ஆண்டு பின்னோக்கி நடந்திருக்கிறோம் என்று நான் சொன்னால் அது மிகையாகுமா?

திருத்திய வாய்க்கால் நல்லதே. ஆனால் அது அருளாற் கிடைத்தது. அடுத்த ஊரின் வாய்க்காலும் உடைந்திருந்தது. அவ்வூருக்கு மகஜர் எழுதிக்கொடுக்க ஆளில்லை. எந்த வாய்க்கால் முதலில், எது பின் என்று தீர்மானித்தவர் யார்? எந்தக் கணக்கைக் கொண்டு? சபையொன்று இருந்திருந்தால் இரண்டு ஊர் உறுப்பினர்களும் எழுந்து சண்டையிட்டிருப்பார்கள். அச்சண்டையை நாம் வெறுக்கிறோம். எனினும் பொதுப்பணம் எங்கே போகிறது என்பது அச்சண்டையிலேதான் வெளிவரும். சபையில்லாத காலத்தில் மாகாணத்தின் வரவுசெலவு ஒருவரின் கையொப்பத்தோடு முடிகிறது. வினவுவார் இல்லை, விடை கூறும் கடமையும் இல்லை.

இரணைமடுவை நினைத்துப் பாருங்கள். அக்குளத்து நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு எழுந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் கலங்கினர். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாதபோது பட்டணத்துக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. குடாநாட்டிலோ கிணறுகள் உவராகின்றன. உரமும் கழிவும் நிலத்தடி நீரிற் கலக்கின்றன. குடிநீர் வேண்டுமென்பது யாழ்ப்பாணத்தாரின் நியாயம். இரு பக்கமும் தமிழர். இரு பக்கமும் நியாயம். இவ்வழக்கைக் கொழும்பிலிருந்து வரும் எந்த ஆளுநரும் கட்டளையாலே தீர்த்திருக்க முடியாது. தீர்த்திருந்தால் தோற்ற பக்கம் அதை என்றும் ஏற்றிராது. மாகாண சபையினுள்ளும் வெளியிலும் ஆண்டுக்கணக்கிலே வாதம் நடந்தது, எரிச்சலூட்டும் வாதம். அவ்வாதத்தின் வழியாகவே கடல்நீரை நன்னீராக்கும் மாற்றுவழி முன்னுக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் தாழையடியில் அந்நிலையம் திறக்கப்பட்டது. காலம் கடந்ததென்று குறைகூறலாம். ஆனால் கிளிநொச்சியின் வயலும் யாழ்ப்பாணத்தின் குடமும் ஒன்றையொன்று பகைத்து நிற்காது போனமைக்கு, பேசுவதற்கு ஓரிடம் இருந்தமையும் ஒரு காரணம்.

நம் பக்கத்துத் தவறை மறைத்து எழுதுவது அறமன்று. சபையிலிருந்த ஐந்தாண்டிலே தீர்மானங்களை நூற்றுக்கணக்கில் நிறைவேற்றினோம். நியதிச்சட்டங்களை விரல்விட்டு எண்ணத்தக்கனவாக ஆக்கினோம். தீர்மானம் கைதட்டலைத் தரும்; நியதிச்சட்டம் இரவுபகல் உழைப்பைக் கேட்கும். 2017இலே அமைச்சர்மீதான விசாரணையால் எழுந்த பிணக்கிலே, நம் உறுப்பினர்களே நம் முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை எழுதி ஆளுநரின் கையில் ஒப்படைத்தனர். எந்த ஆளுநர் பதவியைப் பத்தாண்டுகளாக எதிர்த்தோமோ அதே வாயிலுக்கு நம் வீட்டுச் சண்டையைச் சுமந்து சென்றோம். பின்னர் அமைச்சரொருவரின் நீக்கம் பற்றிய வழக்கிலே, அமைச்சரை நீக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை, ஆளுநருக்கே உண்டு என்ற நிலைப்பாட்டை மேன்முறையீட்டு நீதிமன்றம் எடுத்தது. நம் பிணக்கு, நம் எதிரியும் எதிர்பாராத பரிசொன்றை ஆளுநர் பதவிக்கு வாங்கிக் கொடுத்தது. "மெம்பர்மாருக்குப் பின்னாலை திரிஞ்சம்" என்று அப்பெரியவர் சொன்னபோது என் தலை குனிந்தது. நானும் அம்மெம்பர்மாருக்கு வாக்குக் கேட்டு அவருடைய படலையைத் தட்டியவன்.

தேர்தல் ஏன் நடைபெறவில்லை என்பதிலும் நம் கை கறைபடாததன்று. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை ஒழித்துக் கலப்பு முறையைக் கொணர்ந்தது. நம் பிரதிநிதிகளும் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். தொகுதி எல்லை வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அதை முன்வைத்த அரசாங்கத்தாரே ஆதரிக்கவில்லை! மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம், அறிக்கை வரவேயில்லை. பழைய முறை செத்தது. புதிய முறை பிறக்கவில்லை. நான்கு சனாதிபதிகளின் ஆட்சி இந்த இடுக்கிலே சுகமாகக் கழிந்தது. 2024இலே மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம் என வாக்களித்து வந்த அரசாங்கமும் 2025ஐத் தேர்தலின்றியே கழித்தது.

இதைத் தீர்க்க மாபெரும் அரசியலமைப்பு மாற்றம் வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத்தின் பழைய முறைப்படி தேர்தலை நடத்தலாம் என்று சாதாரண பெரும்பான்மையால் ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும். தனிநபர் மசோதாவாக அது நாடாளுமன்றத்துக்கு முன்னர் கொண்டுசெல்லப்பட்டும் இருக்கிறது. ஆளுநரின் பிடியைத் தளர்த்தவும் பெரும்பகுதி சாதாரண சட்டத்தாலேயே இயலும்: பகிரங்க சேவையையும் நிதியையும் ஆளுநரிடம் ஒப்படைத்தது அரசியலமைப்பன்று, 1987இன் 42ஆம் இலக்கச் சட்டமே. நாடாளுமன்றம் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் முடியும் வேலை. 13ஆவது திருத்தம் நம் கோரிக்கையின் முடிவு என்று நான் கூறுவதாக எவரும் திரிக்கற்க. 1957இன் ஒப்பந்தத்திலே செல்வநாயகம் கேட்ட பிராந்திய சபைக்குத் தலைமேல் ஓர் ஆளுநர் இருக்கவில்லை. அந்த அளவுக்கேனும் திரும்பிச் செல்ல இன்னும் வெகுதூரம் இருக்கிறது. ஆனால் இருக்கும் சிறு காணியையும் பயிரிடாது விட்டால் தரிசு என்று சொல்லி அதையும் எடுத்துக்கொள்வார்கள் என்பது கமக்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஆகவே அடுத்த முறை ஆளுநர் மாறும்போது, நிறைகுடம் வைக்கத்தான் வேண்டுமென்றால் வையுங்கள். வருவோரை அவமதிப்பது நம் வழக்கமன்று. ஆனால் கையிலே கொண்டுபோகும் மகஜர் வாய்க்காலுக்கும் வீதிக்கும் மட்டும் ஆனதாக இருத்தலாகாது. கமக்கார அமைப்பு, கடற்றொழிலாளர் சமாசம், ஆசிரியர் சங்கம், வைத்தியர், சட்டத்தரணிகள் எல்லோரும் முதற் பந்தியில் ஒரே வாசகத்தை எழுதுவோமாக: உங்களை நியமித்தவரிடம் சொல்லுங்கள், எங்கள் சபைக்குத் தேர்தல் எந்த நாள் என்று. இரண்டாம் பந்தியில் வாய்க்காலைக் கேட்போம். மகஜரின் பிரதியொன்று நம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் போகட்டும். 2017இலே அளித்த வாக்கை எவ்வாறு திருத்தப் போகிறீர்கள் என்ற கேள்வியோடு போகட்டும். பெரியவரின் ஊர்க்காரர் அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். அங்கே இந்த மகஜரை வாசிக்க இருக்கிறேன். வேறு ஊர்களிலிருந்து எழுதித்தரக் கேட்டு வருவோரும் வரலாம், கூலி வாங்கேன்.